நீங்கள் இருப்பீர்களா?

என் அம்மாவின் பெயர் ‘பூ’ என்ற எழுத்தில் தொடங்கும். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். படம் வைக்காதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தை ஒரு வண்ண வட்டத்துக்குள் காட்டும் வகைச் செயலி. அம்மாவின் வட்டத்தில் ‘ப’ என்று இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், “என்னடா இது, பூவைப் பாதி பிச்சு வெச்சிருக்கு?” என்றார்.

ஏன் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யூனிகோடில் ‘பூ’ என்பது இரண்டு குறியீடுகள். ப ஒன்று, அதன்மேல் ஏறும் ஊகாரக் குறி ஒன்று. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. முதலெழுத்தைக் கொடு என்றால் முதல் குறியீட்டை எடுத்து நீட்டும்படி யாரோ நிரல் எழுதியிருக்கிறார். அவருடைய மொழியில் இரண்டும் ஒன்றுதான். அதனால் இப்படியொரு வித்தியாசம் இருப்பதே அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தேடிப் பார்த்தேன். செயலிக்கு அடியில் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் நூலகம் இருந்தது. பெயர்களைச் சுருக்குவது, வெட்டுவது, முதலெழுத்து எடுப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒருவர், சம்பளமில்லாமல், தனி ஆளாக அதைப் பராமரித்துவந்தார்.

இதைச் சரிசெய்ய நாற்பது வரி போதும். நான் 1,400 வரி எழுதினேன். கோடுக்குள் இறங்கியதும் கை சும்மா இருக்கவில்லை. மாறிகளின் பெயர்கள் பிடிக்கவில்லை, மாற்றினேன். ஒரே கோப்பில் கிடந்ததை நாலாகப் பிரித்தேன். தமிழுக்குச் செய்வதை மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது, அதையும் செய்தேன். இரண்டு வார இறுதிகள், மனைவியின் முறைப்பு, 23 கோப்புகள். அனுப்பிவிட்டுப் படுத்தபோது ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தவனின் தூக்கம் வந்தது.

19 நாள் பதில் இல்லை. பிறகு நாலே வாக்கியம் வந்தது. நன்றி. இவ்வளவு பெரிய மாற்றத்தை என்னால் படித்துச் சரிபார்க்க முடியாது, முதலெழுத்துப் பிழையை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா? எனக்கு இந்த எழுத்துகளில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாது. நீங்கள் போன பிறகு இது உடைந்தால் உடைந்திருக்கிறது என்றே எனக்கு எப்படித் தெரியும்?

மரியாதையான பதில். ஆனால் நான் படித்தது வேறு: உன் மொழி எனக்குப் பாரம். அப்படித்தான் படித்தேன். உங்கள் ஒருவருடைய நேரத்தைவிட ஏழெட்டுக் கோடிப் பேரின் எழுத்து முக்கியம் என்று நான் நம்புகிறேன், என ஒரு பதிலை எழுதி, இரண்டாவது முறை படித்துப் பார்க்காமல் அனுப்பினேன். அவர் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் அது பொதுவெளியில் என் பெயரோடு அப்படியே இருக்கிறது.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நான் கொடுக்கப் போனேன். கொடுப்பவன் உயரத்தில் நிற்கிறான், வாங்குபவர் நன்றியோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குள் பேசாமலே இருந்த ஏற்பாடு. மார்செல் மாஸ் 1925-ல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நீள்கட்டுரையில், பல சமூகங்களில் கொடுப்பது கடமையாக இருப்பதைப் போலவே வாங்குவதும் கடமையாக இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதும் கடமையாக இருக்கிறது என்கிறார். கொடையை மறுப்பது உறவையே மறுப்பது. என் பேட்ச் திரும்பி வந்தபோது எனக்கு வலித்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுதப் போனவனை வாசலில் நிறுத்தி, கவரைப் பிரித்து எண்ணிக் காட்டச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் கோடு மொய்ப் பணம் மாதிரிக் கிடையாது. பெட்டியில் போட்டு மூடிவிட முடியாது. அது தின்னும். அடியில் இருக்கும் மொழியின் பதிப்பு மாறும்போது அதைத் திருத்த வேண்டும், பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க வேண்டும், யாரோ ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு “உங்கள் நூலகத்தால் என் தளம் விழுந்துவிட்டது” என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள் ஊரில். நான் ஒரு யானையை அவர் வாசலில் கட்டிவிட்டு, ஏன் ஆரத்தி எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொடை தின்னும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர்களைப் பற்றி நிறையப் படிக்கலாம். விளக்கைக் கொடுத்தால் போதாது, அது அணையாமல் எரிய நெய் வேண்டும். அதற்காக ஆடு கொடுப்பார்கள். ராஜராஜன் தஞ்சையில் கட்டிய பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு. அவற்றை வாங்கிக்கொண்டவர் விளக்கொன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று இந்த ஆடுகளைச் சொல்வார்கள். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகள் இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் கணக்கில் அவை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. சாகாமல் பார்த்துக்கொண்டது யார்? இடையர்கள். எனக்குப் பிடித்த விஷயம், கொடுத்தவர் பெயரோடு நிறுத்தாமல், ஆடுகள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதையும் தஞ்சைக் கல்வெட்டுகள் பதிந்துவைத்திருப்பது. தினமும் நெய் அளக்கப்போகிறவனும் கல்லில் இருக்கிறான்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அந்த இடையருக்கு நெய் போக மிச்சப் பாலும் குட்டிகளும் இருந்திருக்கும். ஓப்பன் சோர்ஸ் பராமரிப்பாளருக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

பதினோரு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மனம் திருந்தி எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அம்மாவின் வட்டத்தில் இன்னும் ‘ப’தான் இருந்தது. கோபத்தால் அது ‘பூ’ ஆகப்போவதில்லை.

இந்த முறை நாற்பது வரி. அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை, கேள்வி கேட்டார். முதல் கேள்வியே என்னை உட்கார வைத்துவிட்டது. “உங்கள் மொழியில் எழுத்து என்றால் என்ன, அதை யார் தீர்மானிக்கிறார்கள்?” உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம், மொத்தம் 247 என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததை எழுதினேன். அப்படியானால் ‘ஸ்ரீ’ எந்தக் கணக்கில் வருகிறது என்றார். அதை அவர் எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தார். யூனிகோடின் பொது விதிப்படி வெட்டினால் அது ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகும். ஸ்ரீ என்று தொடங்கும் பெயருக்கு வட்டத்தில் ‘ஸ்’ மட்டும் நின்றால் எந்தத் தமிழரும் சிரிப்பார். ஒன்றாகத்தான் காட்ட வேண்டும் என்றேன். அவர் எழுதியது நினைவிருக்கிறது: தரப்படுத்தப்பட்ட விதி இரண்டு என்கிறது, நீங்கள் ஒன்று என்கிறீர்கள், என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏன் ஒன்று என்பதை, இந்த மொழி தெரியாத ஒருவர் பத்து வருடம் கழித்து வந்தாலும் புரியும்படி எழுதிவையுங்கள்.

அப்படித்தான் அந்தப் பட்டியல் உருவானது. 61 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வர வேண்டிய முதலெழுத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம். கோடைவிட அதை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. அவரால் தமிழ் படிக்க முடியாது, ஆனால் இடப்பக்கம் இருக்கும் வடிவமும் வலப்பக்கம் இருக்கும் வடிவமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க முடியும். என் கோடை அவர் நம்ப வேண்டியதில்லை, பட்டியலைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாம். எனக்கும் ஒன்று நடந்தது. எழுத்து என்றால் என்ன என்று முப்பது வயதுவரை ஒருநாளும் யோசிக்காதவன், ஓர் அந்நியருக்கு விளக்கும் சாக்கில் யோசித்தேன்.

கடைசியாக, முதலில் கேட்டதையே திரும்பக் கேட்டார். இந்தப் பகுதியில் ஏதாவது வந்தால் நீங்கள் இருப்பீர்களா? “கண்டிப்பாக இருப்பேன்” என்று எழுதினேன். அன்றைக்கே மெர்ஜ் செய்தார். அடுத்த மாதம் அம்மாவின் வட்டத்தில் ‘பூ’ வந்தது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கேட்டுச் செய்ய வேண்டும், விளக்கிச் செய்ய வேண்டும் என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்பதே கைவிட்ட ஒரு கதை உண்டு. 2006-ல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைக் கவனித்துவந்தவர், வால்கிரைண்ட் என்ற பிழைகாட்டும் கருவி திரும்பத் திரும்ப எச்சரித்த இரண்டு வரிகளைப் பார்த்தார். ஓப்பன்எஸ்எஸ்எல் இணையத்தின் பூட்டுப் பட்டறை மாதிரி, ரகசியச் சாவிகள் அடிக்கப்படும் இடம். அந்த வரிகள் இன்னும் மதிப்பு எழுதப்படாத நினைவகத்தைத் தொடுகின்றன என்பது கருவியின் புகார். அவர் அவசரக்காரர் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் ஆட்களிடமே போய், எடுத்துவிடலாமா என்று கேட்டார். பிழை தேடுவதற்கு உதவுமென்றால் எடுக்கலாம் என்ற பொருளில் ஒரு பதில் வந்தது. எடுத்தார்.

சாவிக்குத் தேவையான தற்செயல்தன்மையைத் திரட்டி ஊற்றிக்கொண்டிருந்ததே அந்த இரண்டில் ஒரு வரிதான். அது போனதும் மிஞ்சியது இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் எண் மட்டும். அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது. 2008 மே மாதம் விஷயம் வெளியில் வரும்வரை டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் செய்யப்பட்ட சாவிகள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடக்கூடிய நிலையில் இருந்தன. உலகம் முழுக்கச் சாவிகளை மாற்ற வேண்டிவந்தது.

பழி யார்மீது? அன்றைக்கு இரண்டு பக்கமும் நிறையப் பேசினார்கள். எனக்கு இரண்டு பேர்மீதும் பரிதாபம்தான் வருகிறது. கேட்டவர் நிரந்தரமாக எடுப்பதைப் பற்றிக் கேட்டார். பதில் சொன்னவர் பிழை தேடும் நேரத்துக்கு மட்டும் எடுப்பதாகப் புரிந்துகொண்டிருக்க இடமிருந்தது. மாற்றிய கோடை முழுதாக முன்னால் வைத்து, இதைத்தான் லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கப்போகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்ற உரையாடல் நடக்கவில்லை. மரியாதையாகக் கேட்கப்பட்டது, மரியாதையாகப் பதில் சொல்லப்பட்டது, இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில்கூட நமக்கு இது நடப்பதில்லையா என்ன.

பணிவும் பொறுமையும் போதுமா என்ற கேள்விக்கு இன்னும் கசப்பான பதில் 2024-ல் வந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவி அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதை லாஸ்ஸே கொலின் என்பவர் பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்டத் தனியாகப் பார்த்துவந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-ல் வேறு சில பெயர்கள் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கொலினை நெருக்கின. தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்கியவர்கள் விடவில்லை. ஜியா டான் மட்டும் உதவிகரமாக, தொடர்ந்து, சலிக்காமல் இருந்தார். இணைப் பராமரிப்பாளராகவும் ஆனார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான இரண்டு பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார். வெளியிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கண்டு துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால் மார்ச் 29 அன்று அது உலகுக்குத் தெரிந்தது. நெருக்கிய பெயர்களும் அதே திட்டத்தின் பகுதியான போலிகள் என்றே பலரும் கருதுகிறார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நல்ல பங்களிப்பாளர் எப்படி நடக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் ஜியா டான் செய்திருந்தார். சின்னதாகத் தொடங்கினார். காத்திருந்தார். மூன்று வருடம் இருந்தார். பராமரிப்பாளரின் களைப்பைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். புரிந்துகொண்டதால்தான் உள்ளே வர முடிந்தது. நானோ, நல்ல நோக்கத்தோடு வந்த நானோ, அந்தப் போலிப் பெயர்கள் பேசிய தொனியில் பேசியிருந்தேன். ஏழெட்டுக் கோடிப் பேர், உங்கள் ஒருவருடைய நேரம்.

பராமரிப்பாளர்கள் புனிதர்கள் என்று சொல்லவரவில்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுஞ்சொற்களுக்காக 2018-ல் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்சகாலம் விலகியிருந்தார். அந்தச் சொற்களை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு கிடையாது. என்னுடைய ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அவருடைய நியாயத்திலும் ஒரு முள் இருக்கிறது. ‘எனக்குப் படிக்கத் தெரியாததை நான் பொறுப்பேற்க முடியாது’ என்பது ஒரு தனி மனிதர் சொல்லும்போது முழுக்க நியாயம். ஆயிரம் பராமரிப்பாளர்கள் தனித்தனியாக அதையே சொன்னால், யாருமே தவறு செய்யாமல், என் அம்மாவின் பெயர் எல்லா இடத்திலும் ‘ப’ என்று நிற்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாத இந்த அநியாயத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த யாராவது அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பிழை வரும்போது பதில் சொல்ல. இருப்பேன் என்று நான் எழுதியது அதைத்தான்.

நான் இருக்கவில்லை.

மகள் பிறந்தாள், வேலை மாறியது, அறிவிப்புகள் வரும் மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பதையே விட்டேன். இரண்டு ஆண்டுகள். ஒரு நாள் வேறு எதையோ தேடிப் போனபோது பார்த்தேன், நான்கு முறை என் பெயரைச் சுட்டி எழுதியிருந்தார். யாரோ ஒருவர், ஸ்ரீ என்று தொடங்கும் தன் பெயர் மட்டும் உடைகிறது என்று புகார் சொல்லியிருக்கிறார். இவர் என் பட்டியலை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். பட்டியலில் இருக்கும் ‘ஸ்ரீ’ சரியாக வருகிறது, புகாரில் இருக்கும் ‘ஶ்ரீ’ உடைகிறது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். ஒன்று ஸ-வில் தொடங்குவது. மற்றது 2005-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். தமிழ்க் கணிமையில் கொஞ்சம் உழன்றவர்களுக்கு இது பழைய கதை. எனக்கே தெரியும். பட்டியலில் சேர்க்க மறந்திருந்தேன்.

தமிழ் தெரியாத அந்த மனிதர் ஒரு வார இறுதி முழுக்க, ஒன்றுபோல இருக்கும் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் குறியீடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். திருத்தியும்விட்டார். பட்டியலில் 62-ஆவது பெயரைச் சேர்த்து, பக்கத்தில் என் பாணியிலேயே ஒரு வரி விளக்கமும் எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்காவது செய்தி மட்டும் புகாரைப் பற்றியது இல்லை. நீங்கள் நலம்தானே, என்று கேட்டிருந்தார்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து நாள் கடத்தினேன். பிறகு மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொல்லி, இனி இந்திய எழுத்துகள் தொடர்பாக வருவதை நான் முதலில் படிக்கிறேன் என்றேன். சரி என்றார். கண்டிப்பாகவா என்று இந்த முறை கேட்கவில்லை. அது கேட்டதைவிட உறைத்தது. அன்றிலிருந்து புதன் இரவுகளில் ஒரு மணி நேரம் அதற்கு. பெரும்பாலும் வாசிப்பு வேலைதான். 1,400 வரி எழுத இப்போது இரண்டு வார இறுதிகள் வேண்டாம், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். படிக்க மட்டும் பழைய நேரமே ஆகிறது. கர்ல் என்ற கருவியைப் பல பத்தாண்டுகளாகப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், எந்திரம் எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் தன் நேரத்தைத் தின்பதைப் பற்றி 2024 தொடக்கத்திலேயே எழுதினார். எங்கள் சின்ன நூலகத்துக்கும் இப்போது மாதம் இரண்டு மூன்று வருகிறது. விளக்கம் கேட்டால், அனுப்பியவருக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

சென்ற மாதம் பர்மிய எழுத்துக்கு ஒரு பேட்ச் வந்தது. வட்டமாக இருக்கும் எழுத்தெல்லாம் என் பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, என் பெயரைச் சுட்டிவிட்டார். 900 வரி. மாறிகளின் பெயர்களெல்லாம் மாற்றப்பட்டிருந்தன. எந்திரம் எழுதியது இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது: என் பாட்டியின் பெயர் தவறாக வருகிறது, என்று இருந்தது.

எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. நன்றி சொன்னேன். முதலெழுத்துப் பகுதியை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னேன். பெயர்ப் பட்டியல் கேட்டு, எங்கள் 62-ஐ மாதிரிக்கு இணைத்தேன். அதற்குக் கீழே ‘நீங்கள் இருப்பீர்களா?’ என்று அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். உங்களுக்குத் தெரிந்து இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த இன்னொருவரும் உண்டா, அவரையும் இங்கே அழைத்துவர முடியுமா என்று கேட்டு அனுப்பினேன்.

ஒன்பது நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.